நமக்குக் கட்டுபடியாகும் மருத்துவக் காப்பீடு எது?



இரும்புச் சத்து மாத்திரை, தடுப்பூசி, பிள்ளைகளுக்கு இடையே போதிய இடைவெளி என்று இந்த வெளியீட்டு வரிசையில் உடம்பைப் பற்றியே பேசி வந்தோம். இம்முறை பணத்தைப் பற்றிப் பேசப் போகிறோம். "சுகாதாரத் துறைக்குப் பண விஷயத்தில் என்ன வேலை?" என்று சிலர் கேட்கலாம். வியாதி வந்த வீட்டில் முதலில் படுப்பது நோயாளி; அடுத்துப் படுப்பது குடும்பம். நோயாளி எழுந்து நடந்த பிறகும் குடும்பம் எழாமல் கிடப்பதை எங்கள் கிராம சுகாதார செவிலியர்கள் வீடு வீடாகப் பார்த்து வருகிறார்கள். ஆகவேதான் இந்தப் பேச்சு.

விசைத்தறிகள் நிறைந்த ஓர் ஊரில், துணை சுகாதார நிலையத்தில் தாய்மார் கூட்டம் நடந்தது. கூட்டம் முடிந்த பிறகு ஓர் அம்மாள் தயங்கித் தயங்கி வந்தார். கணவர் கூலித் தறி ஓட்டுகிறவர். "எங்கூட்டுக்காரருக்கு ராத்திரி நெஞ்சு வலிங்க. டவுன்ல தனியார் ஆஸ்பத்திரிக்குத் தூக்கீட்டுப் போனோம். உள்ள கம்பிச்சுருள் வெச்சாங்க. ஒன்னே முக்கால் லட்சம். நகையை அடகு வெச்சு, மீதிய வட்டிக்கு வாங்கிக் கட்டினோம். மூணு வருசமா வட்டிதானுங்க போகுது, அசல் அப்படியே நிக்குது" என்றார்.

முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இல்லையா என்று கேட்டோம். "அதெல்லாம் நமக்கெங்கீங்க குடுப்பாங்க, ஆளும்பேரும் வேணும்னு இருந்துட்டோமுங்க" என்றார். அந்தக் குடும்பத்தின் வருமானத்துக்கு அட்டை கிடைத்திருக்கும். ஆளும் வேண்டாம், பேரும் வேண்டாம்; அரை நாள் அலைச்சல்தான்.

பக்கத்தில் நின்ற இன்னோர் அம்மாள் சட்டென்று கேட்டார்: "சரிங்க, அவங்களுக்கு அட்டை உண்டு. நாங்க ஒரு சின்ன மளிகைக்கடை வெச்சிருக்கோம். வருமானம் அந்த வரம்புக்கு மேலதான் வருது. ஆனா ஒரு லட்சம் பில்லு வந்தா எங்க கதையும் அதே கதிதானுங்களே? நாங்க எங்க போறது?"

முதல் அம்மாளுக்குப் பதில் சொல்வது சுலபம். இரண்டாவது அம்மாளின் கேள்விதான் கடினமானது. ஏழைக்கு அரசுத் திட்டம் இருக்கிறது, மாதச் சம்பளக்காரருக்கு அலுவலகம் இருக்கிறது. கடைக்காரர், ஆட்டோ ஓட்டுகிறவர், தையல்காரர், நான்கு ஏக்கர் விவசாயி என்று நடுவில் நிற்கிறவர்கள் தாங்களேதான் வழி தேட வேண்டும். இந்த வெளியீட்டின் பெரும்பகுதி அவர்களுக்காகவே எழுதப்படுகிறது. ஆனாலும் முதலில் எல்லோரும் ஒரு காரியம் செய்யுங்கள். காசு கொடுத்து எதையும் வாங்குவதற்கு முன்னால், காசில்லாமல் உங்களுக்கு ஏற்கெனவே என்ன உரிமை இருக்கிறது என்று பாருங்கள்.

முதல் கதவு: அரசுக் காப்பீடு

தமிழ்நாட்டில் 2009 ஜூலையில் அரசுக் காப்பீட்டுத் திட்டம் முதன்முதலாக வந்தது. 2012 ஜனவரி 11 முதல் அது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக நடந்து வருகிறது. 2018 செப்டம்பரில் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டமும் இதனுடன் இணைக்கப்பட்டது. குடும்பத்தின் ஆண்டு வருமான வரம்பு முன்பு 72,000 ரூபாயாக இருந்தது. 2022 முதல் 1,20,000 ரூபாய். "எங்க வருமானம் 72,000க்கு மேலேன்னு அப்பவே சொல்லிட்டாங்க" என்று பழைய கணக்கிலேயே இருப்பவர்கள் அநேகம். அவர்கள் மறுபடி கேட்க வேண்டும். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. பிரீமியத்தை அரசே கட்டுகிறது. முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழர்களுக்கு வருமான வரம்பு கிடையாது.

கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்கி, குடும்ப அட்டையும் ஆதாரும் எடுத்துக்கொண்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுத் திட்ட மையத்துக்குப் போக வேண்டும். கைரேகையும் படமும் அங்கே எடுப்பார்கள். குடும்ப அட்டையில் பெயர் இல்லாதவருக்கு இதிலும் இடம் இல்லை என்பதை மறக்க வேண்டாம். புது மருமகள் பெயரைச் சேர்க்காமல் இரண்டு வருடம் இழுத்தடிக்கும் வீடுகள் உண்டு. ரேஷன் சர்க்கரைக்காக மட்டும் அல்ல, இதற்காகவும் அந்தப் பெயரைச் சேர்த்து விடுங்கள்.

இந்த அட்டையைப் பற்றி இரண்டு தப்பெண்ணங்கள் ஊரில் உலவுகின்றன. ஒன்று, இது எல்லா ஆஸ்பத்திரியிலும் செல்லும் என்பது. செல்லாது. திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரியில், பட்டியலில் உள்ள சிகிச்சைக்கு மட்டுமே செல்லும். அவசரம் வருவதற்கு முன்பே, உங்கள் ஊருக்கு அருகில் எந்த எந்த ஆஸ்பத்திரி திட்டத்தில் இருக்கிறது, எதில் நெஞ்சு வைத்தியம், எதில் எலும்பு முறிவு வைத்தியம் என்று விசாரித்து, அலமாரிக் கதவின் உட்புறம் எழுதி ஒட்டி வையுங்கள். நெஞ்சு வலியோடு வண்டியில் ஏறிய பிறகு விசாரிக்க நேரம் இருக்காது.

மற்றொன்று, இது தனியார் ஆஸ்பத்திரிக்கு மட்டும் என்ற எண்ணம். அரசு மருத்துவமனைகளும் திட்டத்தில் உண்டு. அங்கே சிகிச்சை இலவசந்தானே, அட்டை எதற்கு என்று கேட்கிறார்கள். அட்டையைக் காட்டினால் காப்பீட்டுத் தொகை அந்த மருத்துவமனைக்குப் போய்ச் சேர்கிறது; கருவிகளும் வசதிகளும் கூடுகின்றன. உங்களுக்கு ஒரு பைசா நஷ்டமில்லை.

சாலை விபத்துக்கு வேறொரு வழி இருக்கிறது. 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குள் சாலை விபத்தில் சிக்கிய யாராக இருந்தாலும், திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனையில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். வருமானம் கேட்பதில்லை, அட்டை கேட்பதில்லை, எந்த மாநிலத்துக்காரர் என்றும் கேட்பதில்லை. 108 வண்டியைக் கூப்பிட்டவுடன் "திட்டத்தில் உள்ள ஆஸ்பத்திரிக்கு" என்று சொல்லுங்கள்.

இரண்டாவது கதவு: இ.எஸ்.ஐ.

இது காப்பீடு என்றே பலருக்குத் தெரிவதில்லை. "சம்பளத்துல புடிக்கறாங்க" என்ற எரிச்சல் மட்டும் தெரிகிறது. பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் ஆலையிலோ கடையிலோ, மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் வாங்குகிறவருக்கு இ.எஸ்.ஐ. உண்டு, இந்த வரம்பு 2017 ஜனவரியில் வந்தது. தொழிலாளி கட்டுவது சம்பளத்தில் 0.75 சதவீதம், முதலாளி கட்டுவது 3.25 சதவீதம். 12,000 ரூபாய் சம்பளக்காரருக்கு மாதம் 90 ரூபாய்தான் போகிறது. முதலாளி 390 ரூபாய் கட்டுகிறார். அந்த 90 ரூபாய்க்கு அவர், மனைவி, பிள்ளைகள், அவரையே நம்பியிருக்கும் தாய் தகப்பன் எல்லோருக்கும் மருந்து முதல் அறுவைச் சிகிச்சை வரை கிடைக்கிறது. பழைய வியாதி, புது வியாதி என்ற பேதம் இல்லை. வயது பார்த்துக் கட்டணம் ஏற்றுவதும் இல்லை. இந்த விலைக்கு இதைவிட நல்ல காப்பீடு கடையில் எதுவும் இல்லை என்று தைரியமாகச் சொல்லலாம்.

ஆகவே நூற்பாலைக்கோ பனியன் கம்பெனிக்கோ ஜவுளிக் கடைக்கோ வேலைக்குப் போகும் பெண் பிள்ளைகளைப் பெற்றவர்கள், "என்ன சம்பளம்?" என்று கேட்கும் வாயோடு "இ.எஸ்.ஐ. நம்பர் குடுத்தாங்களா?" என்றும் கேளுங்கள். ஐந்து வருடமாவது இ.எஸ்.ஐ.யில் இருந்து வயது முடிந்து ஓய்வு பெற்றவர், ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டித் தனக்கும் தன் துணைக்கும் வைத்தியத்தைத் தொடரலாம். இது தெரியாமல் ஓய்வுக்குப் பிறகு பல ஆயிரம் ரூபாய் பாலிசி எடுத்தவர்களைப் பார்த்திருக்கிறோம்.

மூன்றாவது கதவு: காசு கொடுத்து எடுக்கும் பாலிசி

மேலே சொன்ன இரண்டும் கிடைக்காதவர், அதாவது மளிகைக்கடை அம்மாள், இனிக் கவனமாகப் படிக்க வேண்டும்.

காப்பீடு என்பது சீட்டு அல்ல. சீட்டில் போட்ட பணம் நம் முறையில் திரும்ப வரும். காப்பீட்டில் நம் முறை வராமலே போவதுதான் நல்லது. "அஞ்சு வருசம் கட்டினேன், ஒரு பைசா திரும்ப வரல" என்று வருத்தப்படுகிறவர், ஐந்து வருடம் ஆஸ்பத்திரிப் படி ஏறாமல் இருந்தோமே என்று நினைத்துப் பார்க்கலாம். கல்யாண வீட்டு மொய்யைப் போல, ஊரெல்லாம் கொஞ்சம் கொஞ்சம் போட்டதில் கஷ்டம் வந்த வீடு எழுந்து நிற்கிறது.

நம் நாட்டில் தனி நபருக்கான மருத்துவ பாலிசி 1986 இல் அரசுப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் மூலம் 'மெடிக்ளைம்' என்ற பெயரில் வந்தது. இன்று எத்தனையோ கம்பெனிகள், எத்தனையோ பெயர்கள். ஒவ்வொரு பத்திரத்திலும் நிபந்தனை வேறு வேறு. படித்தவர்களுக்கே தலை சுற்றும். இந்தத் தொல்லையைக் குறைக்கக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2020 ஏப்ரல் முதல் 'ஆரோக்கிய சஞ்சீவனி' என்ற பொது பாலிசியைக் கொண்டு வந்தது. எந்தக் கம்பெனியில் எடுத்தாலும் இதன் பெயரும் நிபந்தனையும் ஒன்றே. விலை மட்டும்தான் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். நகரத்துக்கு ஒரு விலை, கிராமத்துக்கு ஒரு விலை என்பதும் இல்லை. எனவே எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவரும் நான்கு கம்பெனியில் விலை கேட்டுக் குறைந்ததை எடுக்கலாம். ஏமாற வழி குறைவு. பணத்தை மாதத் தவணையாகவும் கட்டலாம். முன்பு பிரீமியத்தின் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. வரி இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் தனி நபர், குடும்ப மருத்துவ பாலிசிகளுக்கு அந்த வரி இல்லை. பழைய விலையை வைத்துக்கொண்டு "நமக்குக் கட்டாது" என்று விட்டவர்கள் மறுபடி ஒரு தரம் விசாரிக்கலாம்.

இதில் கிடைப்பது என்ன? 24 மணி நேரமாவது உள்நோயாளியாகத் தங்கிப் பார்க்கும் வைத்தியம். ஒரே நாளில் முடியும் குறிப்பிட்ட சில சிகிச்சைகள். சேர்வதற்கு 30 நாள் முன்பும், வீடு திரும்பிய பின் 60 நாள் வரையும் ஆன மருந்து, பரிசோதனைச் செலவு. அனுமதிக்கப்பட்ட தொகையில் நூற்றுக்கு 5 ரூபாய் நாம் கட்ட வேண்டும். சாதாரண வெளிநோயாளிச் செலவு இதில் வராது. பிரசவமும் வராது.

அறை வாடகையில்தான் ஆபத்து இருக்கிறது. ஒரு நாள் அறை வாடகை, பாலிசித் தொகையில் 2 சதவீதம் வரைதான். அதுவும் 5,000 ரூபாய்க்கு மேல் இல்லை. "கூடுதல் வாடகையை நாங்க கட்டிக்கறோம், நல்ல அறையே குடுங்க" என்று பெருமைக்குச் சொல்லிவிடுகிறோம். அதனால் என்ன ஆகிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

பாலிசி 2 லட்சம். ஆகவே அனுமதித்த வாடகை நாளுக்கு 4,000 ரூபாய். நீங்கள் 6,000 ரூபாய் அறையில் ஐந்து நாள் தங்குகிறீர்கள். வாடகை 30,000, டாக்டர் மற்றும் அறுவைக் கட்டணம் 60,000, மருந்தும் பரிசோதனையும் 25,000. ஆக பில் 1,15,000. நீங்கள் நினைப்பது, வாடகையில் கூடிய 10,000 மட்டும் நம் தலையில் என்று. அப்படி இல்லை. அனுமதித்த வாடகை மூன்றில் இரண்டு பங்கு என்பதால், டாக்டர் கட்டணத்திலும் மூன்றில் இரண்டு பங்குதான் தருவார்கள். வாடகைக்கு 20,000, கட்டணத்துக்கு 40,000, மருந்து பரிசோதனைக்கு முழு 25,000, ஆக 85,000. அதில் 5 சதவீதம், 4,250 கழித்து 80,750 ரூபாய் வரும். கையிலிருந்து 34,250 போகும். அதே நோயாளி 4,000 ரூபாய் அறையில் இருந்திருந்தால் பில் 1,05,000. கையிலிருந்து போவது 5,250 மட்டுமே. அறைக்குள் குளிர் கொஞ்சம் கூடுதலாக இருந்ததற்கு 29,000 ரூபாய்! கையுறை, பஞ்சு போன்ற சில்லறைச் சாமான்களுக்குத் தர மாட்டார்கள் என்பது வேறு.

ஆகவே ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போதே "எங்க பாலிசிக்கு எவ்வளவு வாடகை அறை தகும்?" என்று கேட்பதற்கு வெட்கப்பட வேண்டாம்.

உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்

எங்கள் மேற்பார்வையாளர் ஒருவரின் உறவினருக்கு நடந்தது. பாலிசி எடுக்கும்போது அவருக்கு ஆறு வருடமாகச் சர்க்கரை. ஏஜெண்டு, "அத எழுதுனா பணம் ஏறுமுங்க, இல்லேன்னு போட்டுக்கறேன்" என்றார். இவரும் சரி என்று கையெழுத்துப் போட்டார். இரண்டாம் வருடம் காலில் புண் வந்து சேர்ந்தார். ஆஸ்பத்திரிச் சீட்டில் டாக்டர் "8 வருடமாகச் சர்க்கரை" என்று எழுதினார். கம்பெனி கைவிரித்தது. ஏஜெண்டு போனை எடுக்கவில்லை. அவர் மேல் கோபம் வந்து பிரயோஜனம் இல்லை, கையெழுத்து நம்முடையது.

வியாதியைச் சொன்னால் பாலிசியே கிடைக்காது என்று பயப்பட வேண்டாம். ஏற்கெனவே உள்ள வியாதிக்குக் காத்திருப்புக் காலம் உண்டு. 2024 ஏப்ரலில் வந்த விதியின்படி அது 36 மாதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. முன்பு 48 மாதம் வரை இருந்தது. அந்தக் காலம் கழிந்ததும் அந்த வியாதிக்கும் பணம் உண்டு. 60 மாதம் விடாமல் கட்டி வந்தவரிடம், அன்று இதை மறைத்தாய் என்று சொல்லி மறுக்கவும் முடியாது, வேண்டுமென்றே செய்த மோசடியென நிரூபித்தால் ஒழிய. பாலிசி எடுத்த முதல் 30 நாள் விபத்தைத் தவிர வேறெதற்கும் பணம் வராது. கண்புரை, குடலிறக்கம், மூலம், கருப்பை அகற்றுதல் போன்றவற்றுக்கு ஆரோக்கிய சஞ்சீவனியில் இரண்டு வருடம் பொறுக்க வேண்டும். "அடுத்த மாசம் ஆபரேசன், இப்ப பாலிசி எடுத்தா ஆகுமா?" என்று கேட்டு வருகிறவர்களுக்கு இதனால்தான் "ஆகாது" என்று சொல்கிறோம். அவர்கள் போக வேண்டிய இடம் அரசு மருத்துவமனை.

இந்தக் காத்திருப்பு மாதங்கள் பானையில் சேர்த்த நெல் மாதிரி. தவணையை விட்டால் பானை கவிழ்ந்தது. ஆண்டுத் தவணைக்கு 30 நாளும், மாதத் தவணைக்கு 15 நாளும் சலுகைக் காலம் உண்டு. அதையும் தாண்டினால் மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டியதுதான். கம்பெனி பிடிக்கவில்லை என்றால் பாலிசியை விட்டுவிட்டுப் புதிதாக எடுக்காதீர்கள். புதுப்பிக்கும் தேதிக்கு ஒன்றரை மாதம் முன்பாகவே வேறு கம்பெனிக்கு மாற்றித் தரும்படி எழுதிக் கேட்டால், சேர்ந்த மாதங்கள் கூடவே வரும்.

வயதான தாய் தகப்பனை இளையவர்களோடு ஒரே குடும்ப பாலிசியில் போடுவது பெரும்பாலும் நஷ்டம். குடும்பத்தில் மூத்தவரின் வயதை வைத்தே விலை போடுகிறார்கள். பெரியவர்களுக்குத் தனியாக எடுங்கள். 65 வயதுக்கு மேல் பாலிசியே இல்லை என்று முன்பு திருப்பி அனுப்புவார்கள். 2024 ஏப்ரல் விதியில் அந்த வயது வரம்பு நீக்கப்பட்டது. 60 வயது கடந்தவர்களுக்கு ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் பிரீமியம் ஏற்றுவதானால் ஆணையத்தைக் கலந்துகொள்ள வேண்டும் என்று 2025 ஜனவரியில் உத்தரவும் வந்தது. ஆனாலும் 60க்கு மேல் புதிதாக எடுப்பது விலை அதிகந்தான். கட்டுபடியாகாவிட்டால் கவலைப்பட்டுக் கொண்டிருக்காமல், கீழே சொல்லப்படும் வழிகளில் பெரியவர்களின் வைத்தியத்தை நடத்துங்கள். பாலிசிப் பணத்தை, சம்பாதிக்கிறவரின் பெயரில் போடுங்கள்.

கொஞ்சம் சேமிப்புக் கையில் உள்ளவருக்கு இன்னொரு யோசனை. முதல் ஒன்று அல்லது இரண்டு லட்சத்தை நாமே பார்த்துக்கொள்வது, அதற்கு மேல் வரும் பெரிய பில்லை மட்டும் கம்பெனி பார்ப்பது என்று ஒரு வகை பாலிசி இருக்கிறது. 'டாப்-அப்' என்பார்கள். விலை நன்றாகக் குறையும். ஆனால் அந்த முதல் ஒரு லட்சம் உண்மையிலேயே கையில் இருக்க வேண்டும். இல்லாதவர் இதை எடுப்பது, படிக்கட்டு இல்லாமல் மாடி கட்டுவது போல.

போலிகள்

வங்கிக் கணக்கில் ஆண்டுக்கு 20 ரூபாய் பிடித்துக்கொள்ளும் பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனா நல்ல திட்டம். 18 முதல் 70 வயது வரை சேரலாம். விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம். ஆனால் அது ஆஸ்பத்திரிப் பில் கட்டாது. "எனக்கு இன்சூரன்சு இருக்குதுங்க" என்று இதை நம்பி இருப்பவர்கள் இருக்கிறார்கள். அது வேறு, இது வேறு.

இது போலி அல்ல, புரிந்துகொண்டதுதான் தப்பு. நிஜமான போலி, 'ஹெல்த் கார்டு' என்று வீடு தேடி வந்து விற்கிறார்களே, அது. ஆயிரம், இரண்டாயிரம் வாங்கிக்கொண்டு, ஏதோ ஓர் ஆஸ்பத்திரியில் பில்லில் பத்து சதவீதம் தள்ளுபடி என்பார்கள். அது காப்பீடே அல்ல. பத்திரத்தில் காப்பீட்டு ஆணையத்தின் பதிவு எண் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பத்திரம் கையில் கிடைத்து 30 நாளுக்குள் பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

கம்பெனி நியாயமில்லாமல் மறுத்தால் முதலில் கம்பெனிக்கே எழுத்தில் புகார் கொடுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளருக்கு ஓராண்டுக்குள் எழுதலாம். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டியதில்லை. 50 லட்சம் ரூபாய் வரையுள்ள வழக்கை அவர் விசாரிப்பார். காப்பீட்டு ஆணையத்தின் 155255 என்ற எண்ணிலும் புகார் சொல்லலாம்.

பாலிசி இல்லாமலே செலவைக் குறைக்கும் வழிகள்

உண்மையில் ஒரு குடும்பத்தைச் சன்னமாக அரித்துத் தின்பது மாதாமாதம் வாங்கும் மாத்திரை. சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் பெரும்பாலான பாலிசிகள் கடைக்காரருக்குக் காசு கொடுப்பதில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இந்த மாத்திரைகள் இலவசம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறோம். "கவருமெண்டு மாத்திரை வேலை செய்யாதுங்க" என்ற பேச்சை இனியாவது விட வேண்டும். 1994 இல் அமைந்த தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மருந்துகளை மொத்தமாக வாங்கித் தரம் சோதித்த பிறகே அனுப்புகிறது. மாத்திரையைப் பத்து நாள் தின்று, தலைச்சுற்றல் நின்றதும் நிறுத்திவிட்டு, மாத்திரை மேல் பழி போட்டால் மாத்திரை என்ன செய்யும்?

வெளியில் வாங்கத்தான் வேண்டும் என்கிறவர்கள், டாக்டரிடம் கம்பெனிப் பெயருக்குப் பதில் மருந்தின் மூலப் பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள். மெட்ஃபார்மின், அம்லோடிபின், அட்டர்வாஸ்டட்டின் என்று எழுதினால், மக்கள் மருந்தகத்திலும், 2025 பிப்ரவரி 24 அன்று ஆயிரம் இடங்களில் திறக்கப்பட்ட முதல்வர் மருந்தகங்களிலும் குறைந்த விலைக்கு வாங்கலாம்.

பிரசவத்துக்குப் பாலிசி தேடி அலைய வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரசவம் இலவசம். தகுதியுள்ள தாய்மாருக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமும் சேர்த்து 18,000 ரூபாய் அளவுக்கு உதவி உண்டு. கர்ப்பம் தெரிந்தவுடன் செவிலியரிடம் பதிவு செய்துகொள்வதே அதற்கு முதல் படி.

கண்புரைக்கு இரண்டு வருடம் பாலிசிக்காகக் காத்திருந்து பார்வையைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். மாவட்ட அரசு மருத்துவமனையில் அறுவை செய்து லென்ஸ் வைக்கிறார்கள். 1976 இல் மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை போன்ற அறக்கட்டளை மருத்துவமனைகளிலும், முடிந்தவர் கட்டணம் கொடுக்க முடியாதவருக்கு இலவசமாகப் பார்க்கிறார்கள்.

கூட்டாகச் சேர்ந்து சமாளித்த முன்மாதிரிகளும் நம் மாநிலத்திலேயே உண்டு. சென்னை அடையாற்றில் டாக்டர் கே. எஸ். சஞ்சீவி 1958 இல் தொடங்கிய வாலண்டரி ஹெல்த் சர்வீசஸ் மருத்துவமனையில், குடும்பங்கள் தங்கள் வருமானத்துக்கு ஏற்றபடி சிறு சந்தா கட்டி வைத்தியம் பெறும் முறை வந்தது. காப்பீட்டுக் கம்பெனிகள் தனி நபருக்கு பாலிசி விற்பதற்கு வெகு காலம் முன்பே. நீலகிரி கூடலூரில் பழங்குடி மக்கள் தங்கள் சங்கத்தின் மூலம் 1992 முதல் மொத்தமாகக் காப்பீடு எடுத்துக்கொண்டார்கள். கையில் பணப்புழக்கம் இல்லாத மக்களுக்கே சங்கமாகச் சேர்ந்ததால் அது கைகூடியது. நம் ஊர்களில் மகளிர் சுய உதவிக் குழு இல்லாத தெரு இல்லை. குழுவின் சேமிப்பில் ஆளுக்கு மாதம் ஒரு சிறு தொகையை ஆஸ்பத்திரிக்கென்று தனிக் கணக்கில் ஒதுக்கி, அவசரத்துக்கு வட்டியில்லாமல் கொடுத்து வாங்கினால், கந்துவட்டிக்காரரின் திண்ணைக்குப் போகும் அவசியம் பாதி குறையும். பேருந்துச் செலவு, கூட இருப்பவரின் சாப்பாடு, பத்து நாள் கூலி இழப்பு இவற்றைப் பெரும்பாலான மருத்துவ பாலிசிகள் தருவதில்லை. குழுப் பணம் அதற்கும் ஆகும்.

மளிகைக்கடை அம்மாள் என்ன செய்தார் என்று கேட்பீர்கள். அவரும் கணவரும் இரண்டு பிள்ளைகளும் சேர்ந்து 3 லட்சத்துக்கு ஆரோக்கிய சஞ்சீவனி எடுத்து, மாதத் தவணை கட்டி வருகிறார்கள். கணவருக்கு ரத்தக் கொதிப்பு இருப்பதை விண்ணப்பத்தில் எழுதிவிட்டார்கள். மாமியாருக்குப் பாலிசி கட்டுபடியாகவில்லை. அவருடைய சர்க்கரை மாத்திரை எங்கள் தன்னார்வலர் கையால் போகிறது. கடைச் சுவரில் காலண்டருக்குப் பக்கத்தில் தவணைத் தேதியைச் சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறார்.

முதலில் வந்த அம்மாளுக்கு அடுத்த வாரமே வருமானச் சான்று கிடைத்தது. காப்பீட்டு அட்டையும் வந்துவிட்டது. பழைய கடனுக்கு அந்த அட்டையால் ஒன்றும் செய்ய முடியாது. கணவருக்கு இரண்டாம் தரம் நெஞ்சைச் சோதிக்க வேண்டி வந்தபோது மட்டும், அதைக் கொண்டுபோய் மாவட்டத் தலைமை மருத்துவமனையில் காட்டினார்.

சந்தேகம் உள்ளவர்கள் அந்தந்தப் பகுதி கிராம சுகாதார செவிலியரையோ, 104 என்ற எண்ணையோ கேட்கலாம். ஆட்சியர் அலுவலகக் காப்பீட்டு மையத்துக்குப் போகிறவர்கள் குடும்பத்தில் எல்லோரையும் ஒரே நாளில் அழைத்துப் போவது நல்லது. குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று மூன்றிலும் அசலும் நகலும் வேண்டும். மையம் திங்கட்கிழமை மனு நாளில் கூட்டமாக இருக்கும். மற்ற நாளில் காலையிலேயே போனால் மதியத்துக்குள் வீடு திரும்பலாம்.